ஊரே திட்டு வாங்கிய அறை

காஞ்சிபுரத்திலிருந்து தாமல் போகும் வழியில், ஏரிக் கால்வாயை ஒட்டினாற்போல் ஆலங்கழனி என்று ஓர் ஊர். முந்நூற்றுச் சொச்சம் வீடுகள், ஒரு நடுநிலைப் பள்ளி, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு சின்னப் பள்ளிவாசல், இரண்டு டீக்கடை. அந்த ஊராட்சிக்கு மணியம்மாள் தலைவராகி இரண்டு வருஷம் வரைக்கும், தலைவர் யார் என்று வெளியூர்க்காரர் கேட்டால் ஊர் அவள் புருஷன் தணிகாசலத்தைத்தான் கை காட்டியது. பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டுவிட்டதால் அவள் பெயரில் நின்றார்கள். மற்றபடி ஓட்டுக் கேட்டது, ஜெயித்தது, மாலை போட்டுக்கொண்டது எல்லாம் தணிகாசலம்.

அவர் கெட்டவர் இல்லை. வேலையில் சுணங்க மாட்டார். ஊராட்சிச் செயலர் கலைவாணன் கட்டுக் காகிதத்தோடு காலையில் வீட்டுக்கு வந்தால், அவரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "மணி, வா" என்று குரல் கொடுப்பார். அவள் அடுப்படியிலிருந்து ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வருவாள். அவர் விரல் வைத்த இடத்தில் பெயரை எழுதுவாள். குழம்பு தீய்வதற்குள் திரும்பிப் போய்விடுவாள். இருபது காகிதம் என்றால் இருபது இடத்தில் விரல், இருபது கையெழுத்து. தெரு விளக்கு, குடிநீர் மோட்டார், வாரிசுச் சான்றுக்குச் சிபாரிசு, வீட்டு வரைபடம் எதுவாக இருந்தாலும் இதே வழிதான்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். திருமுக்கூடலில் எட்டாவது வரை படித்தவள். ஆலங்கழனிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின் பதினோரு வருஷம் பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல் உதவியாளராக இருந்தவள். நூற்றிருபது பிள்ளைகளுக்கு உப்பு பார்த்துப் போட்ட கை. ஆனால் காகிதத்தைப் படிப்பது தன் வேலை என்று அவளுக்குத் தோன்றியதில்லை. யாரும் அப்படிச் சொன்னதுமில்லை.

அந்த ஊரில் தப்ரேஸ் என்று ஒருவன். முப்பத்தொரு வயது, பட்டு நூலுக்கு வெள்ளை எடுப்பவன். அவன் குடும்பம் பெரிய காஞ்சிபுரத்தில் ஆற்காட்டு நவாபு காலத்திலிருந்து இருந்த குடும்பம். டவுனில் தண்ணீர் உப்பேறிப்போனதும், கால்வாய்க்கரையில் நல்ல தண்ணீர் ஊறும் கிணறோடு ஒரு வீடு கிடைத்தது என்று அப்பா காலத்திலேயே இங்கே வந்துவிட்டார்கள். அப்பா போய்ச் சேர்ந்தபின் அவனும் அம்மா சைதுனும்தான்.

பச்சைப் பட்டு நூல் வெள்ளையாக இருக்காது. சோப்புத் தண்ணீரில் அவித்துக் கோந்தை எடுத்தபிறகும் பழுப்பு அடிக்கும். மாப்பிள்ளை வேட்டிக்கும், சந்தன நிறம், ரோஜா நிறம் மாதிரி இளஞ்சாயங்களுக்கும் சுத்த வெள்ளை வேண்டும். அதற்குப் பெராக்சைடு ஊற்றிச் சூடு பார்த்து எடுப்பது ஒரு கை. மற்றச் சாயக்காரர்கள் தெருவில் கூடி வேலை செய்வார்கள், பேச்சும் சிரிப்புமாக. வெள்ளை எடுப்பவன் தனியாகத்தான் செய்ய வேண்டும். பக்கத்துப் பட்டறையின் சாயத்தூள் ஒரு சிட்டிகை பறந்து வந்தாலும் அன்றைய வேலை மொத்தமும் போனது. அதனால் தப்ரேஸ் ஜன்னலையெல்லாம் பிளாஸ்டிக் தாளால் அடைத்து, கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்வான்.

உள்ளே போக நினைத்தவர் யாராக இருந்தாலும் வாசலிலேயே திட்டு விழும். கால் கழுவு, கை கழுவு, வெற்றிலையைத் துப்பிவிட்டு வா, பொட்டை அழி, அந்த மஞ்சள் பையை வெளியே வை. உரிமம் கொடுப்பதற்கு முன்னால் இடத்தைப் பார்க்கப் போன மணியம்மாளையே அவன் நிறுத்திவிட்டான். "தலைவரம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. கையில மஞ்சள் இருக்குது" என்று ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினான். கழுவிக்கொண்டு உள்ளே போய், ஏழெட்டு பெராக்சைடு கேன்களையும் அண்டாக்களையும் பார்த்துவிட்டு, ஊராட்சியின் தொழில் உரிமத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள். கோயில் திருவிழாவுக்குப் பேச வந்த வார்டு உறுப்பினர் பாண்டியனை நெற்றிக் குங்குமத்துக்காக வாசலோடு திருப்பி அனுப்பியதில், பாண்டியன் ஆறு மாதம் அவனோடு பேசவில்லை.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணி இருக்கும், மூன்று போலீஸ் வண்டிகள் தப்ரேஸ் வீட்டு முன் நின்றன. வெளிமாநிலத்தில் ஏதோ வழக்காம். அதில் பிடிபட்ட ஒருவன் கைபேசியில் தப்ரேஸின் எண் இருந்ததாம். அந்த ஆள் லாரி ஓட்டுபவன், கேன்களைக் கொண்டுவந்து இறக்குபவன் என்று தப்ரேஸ் சொன்னான். வந்தவர்கள் கேன்களை எண்ணினார்கள். பெராக்சைடில் வெடிமருந்தும் செய்யலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வேட்டியும் வெளுக்கலாம் என்பது தெரிந்திருக்கவில்லை.

சோதனைக்கு உள்ளூர்ச் சாட்சி வேண்டும் என்று மணியம்மாளைக் கூப்பிட்டனுப்பினார்கள். வழக்கம்போல் தணிகாசலமும் கூட வந்தார். அந்த அறைக்குள் போக அன்று யாரும் கால் கழுவவில்லை. எடுத்து உலர்த்தியிருந்த வெள்ளை நூல் கழிகளின்மேல் பூட்ஸ் கால்கள் போய் வந்தன. தப்ரேஸ் அதிகாரிகளின் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் அந்தக் கால்களைப் பார்த்தான், பிறகு மணியம்மாளைப் பார்த்தான்.

ஓர் அதிகாரி மூன்று பக்கம் எழுதி முடித்து நீட்டினார். மரியாதையாகத்தான் நீட்டினார். "இங்க போடு மணி" என்று தணிகாசலம் விரல் வைத்தார். அவள் போட்டாள். தப்ரேஸை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இரண்டு மாதம் போயிற்று. தப்ரேஸ் மேல் உபா சட்டம் பாய்ந்திருக்கிறது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அது என்ன சட்டம் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்த வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. சைதுன் வீட்டுக்குப் போவதை ஊர் குறைத்துக்கொண்டது. பகையில்லை, பயம்தான்.

ஒருநாள் காலை சைதுன் மணியம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கூட காஞ்சிபுரம் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் அபிநயா. சைதுன் அழவில்லை, கும்பிடவும் இல்லை. "இந்தப் பொண்ணு ஒண்ணு படிச்சுக் காட்டும்க்கா, கேளுங்க" என்றாள்.

மணியம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அன்று சோதனையின்போது எழுதிய மகஜரின் நகலை அபிநயா படித்தாள். வெளியாட்கள் எவரும் அறியாதபடி ஜன்னல்கள் அடைக்கப்பட்ட ரகசிய அறை. அதில் மறைத்துவைக்கப்பட்டிருந்த, வெடிபொருள் தயாரிக்க உகந்த ரசாயனம் ஏழு கேன்கள். மேற்படி அறையைப் பற்றித் தமக்கு இதுவரை எதுவும் தெரியாது என்று ஊராட்சித் தலைவர் தெரிவித்தார். கீழே சாட்சி, மு. மணியம்மாள்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றாள் மணியம்மாள்.

"கையெழுத்து உங்களுதுதானே?"

"என்னுதுதான்."

அபிநயா சுற்றி வளைக்காமல் சொன்னாள். மற்ற வழக்குகளில் ஜாமீன் கிடைக்க நாலு வழி இருக்கும். பயங்கரவாதத்துக்கு எதிரான இந்தச் சட்டத்தில், காகிதத்தில் எழுதியிருப்பது மேலோட்டமாக நம்பும்படி இருந்தாலே போதும், ஆள் உள்ளேயே இருக்க வேண்டியதுதான். விசாரணை முடிய ஐந்து வருஷமும் ஆகலாம், எட்டு வருஷமும் ஆகலாம். முதல் முறை ஜாமீன் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். மறுத்த உத்தரவில் மூன்று இடத்தில் அந்த ரகசிய அறையும், தலைவரின் சாட்சியும் வருகின்றன.

அன்று குழம்பில் உப்பில்லை. தணிகாசலம் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார். மறுநாள் கலைவாணன் காகிதக் கட்டோடு வந்தபோது மணியம்மாள் நாற்காலியை அடுப்படிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வரிக்கு வரி விரல் ஓட்டி, வாய்விட்டுப் படித்தாள். பதினான்கு காகிதம் படிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. புரியாத இடத்தில் கலைவாணனைக் கேட்டாள். அவனுக்கும் புரியாத இடங்கள் நிறைய இருந்தன. ஒவ்வொரு நாளும் இப்படி உட்கார வைத்தால் ஆபீஸ் வேலையை யார் பார்ப்பது என்று அவன் முணுமுணுத்தான். இதுதான்பா ஆபீஸ் வேலை என்றாள்.

அப்படிப் படித்ததில்தான் ஒரு கடிதம் அகப்பட்டது. வழக்கு விசாரணைக்காக ஆலங்கழனியில் வாழும் முஸ்லிம் குடும்பங்கள், வாடகைக்கு இருப்பவர்கள், வெளியூரிலிருந்து வந்து போகிறவர்கள் பட்டியலை ஆதார் எண்ணோடு ஒரு வாரத்தில் அனுப்பும்படி போலீஸார் கேட்டிருந்தார்கள். கலைவாணன் பட்டியலைத் தயாராகவே எடுத்து வந்திருந்தான். பதினேழு குடும்பம். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் நசீருதீன் பெயர் முதலில். கோர்ட் உத்தரவு இதோடு இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இல்லை என்றான்.

"எங்கிட்டதான் கேக்கறாங்களா, இல்ல ஊருகிட்டயா?"

"ஊராட்சித் தலைவருக்குன்னு போட்டிருக்குதும்மா."

"அப்ப ஊரைக் கேட்டுக்கினு சொல்றேன்னு எழுதிடு."

சிறப்புக் கிராம சபை கூட்ட ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். கொடுத்தாள். ஆட்டோவில் மைக் கட்டி இரண்டு தடவை தெருத்தெருவாகச் சொல்ல வைத்தாள். நோட்டீசை டீக்கடையிலும் பால் சொசைட்டியிலும் தன் கையாலேயே ஒட்டினாள். இதெல்லாம் வேண்டாத வேலை என்றார் தணிகாசலம். மகனின் பாஸ்போர்ட்டுக்கு நாளைக்குப் போலீஸ் விசாரணை வரும், அதை நினைத்துப் பார் என்றார். அவள் நினைத்துப் பார்த்தாள். பார்க்காமல் இல்லை. வேறு ஊரில் வேறு அம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டு இவள் மகன் உள்ளே போயிருந்தால் என்றும் சேர்த்து நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் கூட்டம். நூறு பேர் கையெழுத்து இருந்தால்தான் செல்லும். நூற்று எழுபது பேர் வந்துவிட்டார்கள். அரசு சார்பில் பற்றாளர் ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திருஞானசம்பந்தம் என்று பெயர், ஓய்வு பெற இன்னும் ஐந்தே மாதம் இருந்த மனிதர்.

மணியம்மாளுக்கு மேடைப் பேச்சு வராது. எழுந்து நின்று, மகஜரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். படித்து முடித்துவிட்டு, "இதுல இருக்கிறது என் கையெழுத்து. நான் இதைப் படிக்காம போட்டேன். அந்த ரூமுக்கு லைசென்ஸ் கொடுத்ததும் நான்தான். ரெண்டும் என் கையெழுத்துதான். ஒண்ணு நெசம், ஒண்ணு பொய். நெசம் எதுன்னு ஊருக்குத் தெரியும்" என்றாள். தணிகாசலம் கடைசி வரிசையில் தலை குனிந்துகொண்டார். விரல் வைத்தது யார் என்று அவள் சொல்லவில்லை.

பாண்டியன்தான் முதலில் எழுந்தார். "தப்பா கையெழுத்துப் போட்டது நீங்க, தலைவரம்மா. அதுக்கு ஊரே போய் எதுக்குத் தலையைக் கொடுக்கணும்? நாளைக்கு நம்ம பசங்க வேலைக்குப் போனா, ஆலங்கழனியான்னு கேட்டு ஓரங்கட்டுவான்."

அதில் நியாயம் இருந்தது. பல தலைகள் ஆடின.

அப்போது நெசவுத் தெரு அனு, இடுப்பில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தவள், எழுந்திருக்காமலே சொன்னாள். "ரகசிய ரூமாமே. நான் நூல் வாங்கப் போவசொல்ல அந்த வாசல்ல எத்தினி தபா திட்டு வாங்கி இருக்கறேன். மருதாணி போட்டுக்கினு வந்துட்டியான்னு ஒரு கல்யாண நாளுல கூட வுடலியே அந்த மனுஷன்."

கூட்டத்தில் எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பியது. பால் ஊற்றும் மாணிக்கவேல், சாணிக் காலோடு வாசற்படி ஏறியதற்குத் தனக்குக் கிடைத்ததைச் சொன்னார். தபால்காரர் தன் சிவப்பு மையை. மின்சாரம் கணக்கெடுக்க வந்தவரை முகமூடி கட்டவைத்த கதையை அவரே சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர் ஆரம்பித்தார். இரண்டு மாதமாகக் குரலைத் தாழ்த்திப் பேசிய ஊர், தான் வாங்கிய திட்டுகளை ஒன்றுக்கொன்று போட்டியாக உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் அந்த அறை தெரிந்திருந்தது. கேன்கள் எந்த மூலையில் இருக்கும், அண்டா எந்தப் பக்கம், எல்லாம் தெரிந்திருந்தது.

"கலைவாணா, எழுதிக்கினியா?" என்று கேட்டாள் மணியம்மாள். "பேரு, எந்த மாசம், எதுக்குத் திட்டினான், அல்லாத்தையும் எழுது."

நாற்பத்தாறு பெயர் ஏறியது. நாற்பத்தேழாவதாக எழுந்தவர் பாண்டியன். முகம் சுளித்துக்கொண்டே சொன்னார். "குங்குமம். மாசி மாசம். எழுதிக்க."

பற்றாளர் திருஞானசம்பந்தம் தொண்டையைக் கனைத்தார். இது தேசப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம், ஊராட்சியின் அதிகாரத்தில் வராது, தீர்மானம் போட்டாலும் மேலே ரத்து செய்துவிடுவார்கள் என்று எடுத்துச் சொன்னார். மிரட்டவில்லை. உண்மையாகவே அக்கறையோடுதான் சொன்னார்.

"சார், அந்த ரூமைப் பார்த்து லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரம் எனக்கு இருக்குதில்ல?"

"இருக்குதும்மா."

"அப்ப, நான் பார்த்தேன்னு சொல்ற அதிகாரமும் இருக்குது. ரத்து பண்றவங்க பண்ணட்டும். நாங்க சொன்னது சொன்னதுதானே."

தீர்மானப் புத்தகத்தில் மூன்று தீர்மானம் ஏறியது. அந்த அறை ஊராட்சி உரிமம் பெற்ற, ஊர் அறிந்த தொழிற்கூடம் என்பதால், தப்ரேஸ் மேல் போட்ட அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெறக் கேட்டுக்கொள்கிறோம். நீதிமன்ற உத்தரவில்லாமல் மதத்தைப் பார்த்தோ தெருவைப் பார்த்தோ யார் பட்டியலையும் ஆலங்கழனி ஊராட்சி கொடுக்காது. ஊர் எல்லைக்குள் சோதனைக்குச் சாட்சியாகப் போகும் உறுப்பினர், எழுதியதை அந்த வீட்டாரின் முன்னால் உரக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்திட வேண்டும். முதல் தீர்மானத்துக்குப் பாண்டியன் கை தூக்கவில்லை. மற்ற இரண்டுக்கும் தூக்கினார்.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது தணிகாசலம் தட்டைப் பார்த்துக்கொண்டே, "விரல் வெச்சது நான்னு சொல்லி இருக்கலாம் நீ" என்றார்.

"கை என்னுது" என்றாள். மோர் ஊற்றினாள்.

தீர்மானத்தால் சிறைக்கதவு திறந்துவிடாது என்று அபிநயா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். திறக்க வேண்டுமானால் பிரமாணப் பத்திரம் வேண்டும். மணியம்மாள் சென்னைக்குப் போய், தான் படிக்காமல் கையெழுத்திட்டதையும், உரிமத்தையும், நாற்பத்தேழு பேர் வாக்குமூலத்தையும் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தாள். பொய்ச் சாட்சி என்று அவள் மேலேயே வழக்குப் பாயலாம் என்றும் அபிநயா சொல்லித்தான் அழைத்துப்போனாள். போகும்போது பூந்தமல்லியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்ததாகப் பின்னால் சைதுனிடம் மணியம்மாள் சொல்லியிருக்கிறாள்.

இதற்கிடையில், அதிகார வரம்பை மீறியதற்காக ஏன் பதவி நீக்கம் செய்யக்கூடாது என்று விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ் வந்தது. அவள் அதையும் வாய்விட்டுப் படித்தாள். தாசில்தார் வந்து வார்டு உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டபோது, பாண்டியன் சொன்னது இவ்வளவுதான். "எனக்கு அந்தத் தீர்மானம் பிடிக்கல சார். ஆனா இத்தினி வருஷத்துல என்னைக் கேட்டுட்டுப் போட்ட தீர்மானம் அது ஒண்ணுதான்." ஒன்பது பேரில் ஏழு பேர் அவளே இருக்கட்டும் என்றார்கள். அந்தக் கோப்பு இன்னும் மேலே எங்கோ கிடக்கிறது. அவள் தலைவராகத்தான் இருக்கிறாள். இப்போது வெளியூர்க்காரர் கேட்டால் தணிகாசலமே அடுப்படியைக் கை காட்டுகிறார்.

ஆடி மாதம் ஜாமீன் கிடைத்தது. உள்ளே போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது. நாற்பத்தேழு பேர் திட்டு வாங்கிய இடத்தை ரகசிய இடம் என்று மேலோட்டமாகக்கூட நம்ப முடியவில்லை என்று நீதிபதி எழுதியிருந்தார். வழக்கு இன்னும் முடியவில்லை. உபாவும் அப்படியே இருக்கிறது. ஆள் மட்டும் வீட்டுக்கு வந்துவிட்டான்.

ஊர் அவனைப் பார்க்கப் போயிற்று. மணியம்மாள் போகவில்லை. என்ன முகத்தோடு போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஐந்தாம் நாள் தப்ரேஸே வந்தான். இளைத்திருந்தான், காதோரம் நரைத்திருந்தது. உள்ளே கூப்பிட்டும் வராமல் வாசலிலேயே நின்றான். நன்றி சொல்ல வந்தவனுடைய முகம் இல்லை அது.

"அன்னிக்கு நீங்க அந்த ரூம்ல நின்னுக்கினு இருந்தீங்க" என்றான். "ஒரு வார்த்தை சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு உங்களையே பார்த்துக்கினு இருந்தேன்."

"பார்த்தேன்பா."

"ஏன் சொல்லல?"

அவளிடம் பதில் நிறைய இருந்தது. பயம், பழக்கம், புருஷன், அதிகாரியின் மரியாதை. அத்தனையும் பத்து மாதமாக அவள் மனசில் போட்டுப் புரட்டியவைதான். ஒன்றையும் அவன் முன்னால் வைக்கவில்லை.

"சொல்லி இருக்கணும். சொல்லல" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். மன்னித்தானா இல்லையா என்று அதில் கண்டுபிடிக்க முடியாது. அவளும் கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். திங்கட்கிழமைதோறும் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்திட வேண்டுமாம். அதற்கு, இந்த ஊரில்தான் வசிக்கிறான் என்று ஊராட்சி சான்று தர வேண்டுமாம்.

கலைவாணன் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்த அந்தப் படிவத்தை அவள் வாங்கிக்கொண்டாள். வாசலில் நின்றபடியே, முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தாள். பெயர், தகப்பனார் பெயர், வயது, தொழில் பட்டு நூல் வெளுத்தல், கால்வாய்க்கரைத் தெரு, கதவு எண் பதினாறு.

"பதினெட்டு" என்றான் தப்ரேஸ்.

அவள் படிப்பதை நிறுத்தினாள். உள்ளே இருந்த கலைவாணனைக் கூப்பிட்டு, வேறு தாள் எடுத்துப் புதிதாக எழுதச் சொன்னாள். எழுதி முடிக்கும்வரை இருவரும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.